குட்டி வீட்டின் கடைசி பெஞ்ச்

என் ஓரகத்தியைப் பண்ணையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவள் ரேடியோ. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "சொல்லு, செய்தியா, பாட்டா?" என்று திருப்பிக் கேட்பாள். காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு குட்டி வீட்டுக்குள் நுழையும்போது ஆரம்பிக்கும் பேச்சு, சாயங்காலம் கதவைச் சாத்தும்போதுதான் நிற்கும். கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதுகூட இல்லை. பன்றிக்குட்டிகள் இருந்தால் போதும்.

அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் வாயைத் திறப்பதே அபூர்வம். அது அவளுக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. என்னைச் "சின்னவளே" என்பாள். நான் "அக்கா" என்பேன். நான் சொல்ல நினைத்த மீதியை எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலிருந்தே அவள் எடுத்துக்கொள்வாள்.

குட்டி வீடு என்பது பண்ணையின் நடுவில் இருக்கும் நீளமான கட்டடம். தாய்ப்பன்றிகள் வேறு கொட்டகையில் குட்டி போடும். பால் மறக்கடித்ததும் குட்டிகளை மொத்தமாக இங்கே கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் தடுப்புகள், நடுவில் நடைவழி, மேலே சூட்டு விளக்குகள். குட்டிகள் ஓரளவு வளர்ந்ததும் பெரிய கொட்டகைக்குப் போகும், அடுத்த கூட்டம் வரும். ஒவ்வொரு கூட்டத்தையும் அக்கா வகுப்பு என்பாள். "இந்த வகுப்பு சுத்த முரடு. போன வகுப்பு எவ்வளவு மரியாதை தெரியுமா?" என்பாள். பண்ணை முதலாளி முதலில் சிரித்தார், பிறகு அவரும் வகுப்பு என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு நடந்ததைப் பண்ணையில் இன்றும் சொல்வார்கள். தேறாத குட்டிகள் சிலவற்றை ஒரு பக்கெட்டில் போட்டு, அப்புறப்படுத்தச் சொல்லி அவளிடம் கொடுத்தார்களாம். போனவள் பக்கெட்டோடு திரும்பி வந்தாள். "கனக்குதே. கனம் இருக்கிறதை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று கேட்டாள். குட்டிகள் உள்ளே கிடந்து கத்திக்கொண்டிருந்தன. அவள் அவற்றைக் குட்டி வீட்டின் மூலையில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து அடைத்து, கரைத்த தீனியை விரலில் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். முக்கால்வாசி பிழைத்துக்கொண்டன.

அதுதான் கடைசி பெஞ்சின் தொடக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பு பெரிய கொட்டகைக்குப் போகும்போதும், வளராமல் நின்றுவிட்ட குட்டிகளை அக்கா பிடித்து வைத்துக்கொள்வாள். முதுகில் நீல மையால் ஒரு கோடு போடுவாள். "இவன் ஃபெயில். மறுபடியும் ஒண்ணாம் கிளாஸ்" என்பாள். அடுத்த வகுப்பின் சின்னக் குட்டிகளோடு விட்டால் அவை தீனிக்குச் சண்டை போட முடியும், தேறிவிடும். அப்படித் தேறிப் போனவற்றை எண்ண முடியாது. முதலாளி அந்த மூலைப் பக்கம் பார்க்க மாட்டார். பார்த்தால் தீனி வீண் என்று சொல்ல வேண்டிவரும். சொன்னால் அக்கா பேச ஆரம்பிப்பாள். அதனால் அவருக்கு அந்த மூலை கண்ணிலேயே படாது.

பால் மறந்த குட்டிகளுக்கு முதலில் வரும் ஆபத்து கழிச்சல். தாயை விட்டுப் பிரிந்த கொஞ்ச நாளில் வயிறு போகும், கண் உள்ளே போகும், இரண்டாவது நாள் எழுந்திருக்காது. இதற்காகத் தீனியிலேயே ஆன்டிபயாடிக் பொடியைக் கலந்துவிடுவது எங்கள் வழக்கம். நோய் வந்தாலும் கலப்போம், வராவிட்டாலும் கலப்போம். தீனி கலக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அளவுக் கரண்டியால் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் ஒரு கை கூடப் போடுவார். பிள்ளைக்குச் சோறு வைப்பது போலத்தான் அவருக்கு அது.

சில வகுப்புகள் போனதும் பொடி வேலை செய்யாது. வேறு பொடி வரும். அது கேட்கும். பிறகு அதுவும் கேட்காது. அக்கா ஒவ்வொரு புதுப் பொடியையும் புது மாப்பிள்ளை என்பாள். "வந்த புதுசுல எல்லா மாப்பிள்ளையும் நல்லாத்தான் வேலை செய்வாங்க. அப்புறம் சாஞ்ச இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க." மெஷின் அண்ணன் உட்பட எல்லாரும் சிரிப்போம்.

சிரிப்பு நின்ற காலம் வந்தது. வெள்ளைப் பொடி, மஞ்சள் பொடி, ஊசி, தண்ணீர் மருந்து, எதுவுமே கேட்கவில்லை. வரிசையாக வகுப்புகள் பாதியாகக் கரைந்தன. காலையில் கதவைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கும். அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவள் பேச்சில் பாட்டு போய்ச் செய்தி மட்டும் இருந்தது. ஒருநாள் முதலாளி முற்றத்தில் நின்றபடி சொல்லிவிட்டார்: குட்டி வீட்டை மூடிவிடலாம். தாய்ப்பன்றிகளை விற்றுவிட்டு, இனி வளர்ந்த குட்டிகளை வெளியில் வாங்கிப் பெரிய கொட்டகையில் வளர்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு வேறு வேலை தருவதாகவும் சொன்னார். அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. குட்டி வீடு இல்லாத வேலை அவளுக்கு வேலையே இல்லை. "கடைசியா ஒரு தடவை வேற டாக்டரைக் கூப்பிடுங்க முதலாளி" என்று கேட்டாள். அவ்வளவு சுருக்கமாக அவள் பேசியதாலேயே அவர் சரி என்றார்.

வந்தவர் வயதில் சின்னப் பெண். வந்தவுடன் ஊசி போடுவார் என்று காத்திருந்தோம். அவர் நோயாளிக் குட்டிகளின் கழிச்சலைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு எடுத்து, குழாயில் போட்டு மூடி, லேபுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். "வந்தாங்க, பீயை வாங்கிட்டுப் போறாங்க" என்று அக்கா அறிவித்தாள்.

திரும்பி வந்தபோது அவர் போனில் ஒரு படம் கொண்டுவந்தார். நாங்கள் எல்லாரும், முதலாளி, மெஷின் அண்ணன், அக்கா, நான், தலையை ஒன்றாக நீட்டிப் பார்த்தோம். ஒரு கண்ணாடித் தட்டு. அதில் பாலாடை படிந்தது போல ஏதோ பரவியிருந்தது. எங்கள் குட்டிகளின் வயிற்றிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி அதுதான் என்றார். அதன் மேல் சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன வெள்ளைக் காகித வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் அதைச் சுற்றிக் கிருமி செத்து, ஒரு வட்டம் வெறுமையாகத் தெரியுமாம். நாங்கள் வட்டம் தேடினோம். நாங்கள் கொடுத்த வெள்ளைப் பொடி, மஞ்சள் பொடி எல்லாவற்றையும் டாக்டர் விரலால் காட்டினார். ஒவ்வொன்றின் விளிம்பு வரைக்கும் அந்தப் பாலாடை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மெத்தை போட்டுப் படுத்திருக்கே" என்றாள் அக்கா.

ஒரே ஒரு பொத்தானைச் சுற்றி மட்டும் சுத்தமான வட்டம். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. அதையே எழுதிக் கொடுங்கள் என்றார். டாக்டர் போனை அணைத்தார். அந்த மருந்து மனிதர்களுக்கு, வேறு எந்த மருந்தும் கேட்காதபோது ஆஸ்பத்திரியில் கொடுப்பதற்கென்று எடுத்து வைத்திருப்பது என்றார். முதலாளி, ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் என்று இறங்கி வந்தார்.

"சார், நீங்க இதுவரைக்கும் கொடுத்த எல்லா மருந்தையும் இந்தக் கிருமிக்குப் பாடமா நடத்திட்டீங்க. எல்லாம் கத்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறது இந்த ஒரு பாடம். இதையும் சொல்லிக் கொடுத்துட்டா, நாளைக்கு உங்க வீட்டுல ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடந்தா கொடுக்க எங்க கையில ஒண்ணும் இருக்காது. இது பன்றி வயித்துல மட்டும் இருக்காது சார். நம்ம பூட்ஸ்ல வரும், கையில வரும்."

முதலாளி தன் கையைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் எல்லாருமே பார்த்துக்கொண்டோம். அவருக்குப் பேத்தி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: மருந்து இல்லாமல் எப்படி? டாக்டர், நோய் வந்த பிறகு துரத்துவதை விட்டுவிட்டு வராமல் பார்க்கலாம் என்றார். வீட்டை முழுக்கக் காலி செய்து கழுவிக் காய விட வேண்டும். குட்டிகளைத் தாயிடம் கொஞ்ச நாள் கூட விட வேண்டும். ஈரமும் குளிர்காற்றும் படாத படுக்கை, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி, இந்தக் கதவுக்கு உள்ளே மட்டும் போடும் பூட்ஸ். முதலாளி யோசித்துவிட்டு, "இன்னும் ரெண்டு வகுப்பு. ரெண்டும் போச்சுன்னா பூட்டுதான்" என்றார்.

அடுத்து வந்த நாள்களைப் போல ஒரு கொண்டாட்டத்தை நான் அந்தக் கட்டடத்தில் பார்த்ததில்லை. கடைசியாக இருந்த குட்டிகள் வெளியே போனதும் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சோப்புத் தண்ணீர், சுடுதண்ணீர், பிரஷ். தடுப்புக் கம்பிகளின் அடிப்பக்கம் வரைக்கும் படுத்துக்கொண்டு தேய்த்தோம். மெஷின் அண்ணன் தன் மெஷினின் வயிற்றுக்குள்ளேயே தலையை விட்டு, ஒட்டியிருந்த பழைய பொடியைச் சுரண்டி எடுத்தார். அக்கா வெளியே நின்று, "அண்ணே, உள்ளயே தங்கிடாதீங்க, அண்ணிக்கு நாங்க பதில் சொல்ல முடியாது" என்றாள். கிருமிநாசினி அடித்தோம். எல்லாக் கதவையும் திறந்து வைத்து வெயில் விட்டோம். தரை வெளுத்துப்போய், புது வீட்டுத் தரை மாதிரி ஆயிற்று. டாக்டர் வந்து, "வீடு முழுக்கக் காலிதானே?" என்று கேட்டார். காலி என்றோம், ஒரே குரலில். அவர் பஞ்சுக் குச்சியால் தரை, சுவர், தண்ணீர்க் குழாயின் முனை எல்லாவற்றையும் தொட்டு எடுத்துப் போனார். ஒன்றிலும் அந்தக் கிருமி இல்லை என்று சேதி வந்ததும் அக்கா பண்ணை முழுக்க ஒலிபரப்பினாள்.

புது வகுப்பு வந்தது. பொடி இல்லாத தீனி. மெஷின் அண்ணனின் கை பழக்கத்தில் அலமாரிப் பக்கம் போகும், வெறுமையாகத் திரும்பும். குட்டிகள் தின்றன, தூங்கின, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. தினமும் காலையில் நாங்கள் முதலில் பார்த்தது அவற்றின் பின்பக்கத்தைத்தான். காய்ந்திருக்கிறதா? காய்ந்திருந்தது. அக்காவின் குரலில் பாட்டு திரும்பி வந்தது. முதலாளி கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ வேறு வேலையாக வந்தது போலப் போவார்.

ஒரு காலை, மூலைக்குப் பக்கத்துத் தடுப்பில் இரண்டு குட்டிகள் நனைந்த வாலோடு நின்றன. மறுநாள் அந்தத் தடுப்பு முழுக்க. அதற்கடுத்து எதிர் வரிசை. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை இரவு பகல் பாராமல் ஊட்டினோம். பல பிழைத்தன. பிழைக்காதவற்றை அக்காதான் எடுத்துப் போனாள்.

டாக்டர் ஓடி வந்தார். கழிச்சலில் அதே கிருமிதான் என்று தெரிந்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. கழுவிய தரையில் இல்லாதது எங்கிருந்து வந்தது? தீனியை எடுத்தார். தண்ணீரை எடுத்தார். எங்கள் பூட்ஸை எடுத்தார். தாய்ப்பன்றிகளின் சாணத்தை ஒவ்வொன்றாக எடுத்தார். அக்கா அவருக்குப் பின்னாலேயே குழாய்களின் மூடியைத் திறந்து கொடுத்துக்கொண்டு போனாள். எல்லாம் முடிந்தபோது ஒரு கைப்பிடிக் குச்சிகள் மிச்சம் இருந்தன. டாக்டர் நடைவழியில் நின்று சுற்றிலும் பார்த்தார், இனி எதைத் தொடுவது என்று தெரியாத மாதிரி.

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் அக்கா அதைச் சொன்னாள்.

"எல்லார்கிட்டயும் எடுத்துட்டீங்க. எங்க கடைசி பெஞ்சுகிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கல. கோவிச்சுக்கப் போறாங்க."

டாக்டர் திரும்பினார். மூலையில், பலகைக்குப் பின்னால், நீலக் கோடு போட்ட கொழுகொழு குட்டிகள் சில மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. அவர் ஒவ்வொரு தடவையும் அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறார். இந்த வகுப்பைச் சேர்ந்தவை என்று நினைத்திருந்தார்.

"இவங்க யாரு?"

"போன வகுப்புல ஃபெயிலானவங்க. ரெண்டு பேரு அதுக்கும் முன்னாடி வகுப்பு."

"அக்கா, வீடு காலின்னு சொன்னீங்களே."

"காலிதான் டாக்டரம்மா. கழுவும்போது இவங்களைத் தீனி அறைக்குப் பின்னால வெச்சிருந்தேன். காஞ்சதும் திரும்பக் கூட்டிட்டு வந்தேன்."

அக்கா பொய் சொல்லவில்லை. நானும்தான் காலி என்று சொன்னேன். முதலாளியும் மெஷின் அண்ணனும் சொன்னார்கள். கடைசி பெஞ்சை நாங்கள் யாரும் பன்றிக் கணக்கில் வைத்ததே இல்லை. பக்கெட்டையும் துடைப்பத்தையும் போல அது குட்டி வீட்டைச் சேர்ந்தது. வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர்களையா காலி செய்வார்கள்?

"நல்லா இருக்காங்களே இவங்க" என்றாள் அக்கா, குரல் இறங்கி. "ஒரு நாள்கூட வயிறு போகலையே."

டாக்டர் குனிந்து மிச்சக் குச்சிகளை எல்லாம் அங்கே செலவழித்தார்.

லேபிலிருந்து சேதி வரும் வரைக்கும் அக்கா அந்தப் பலகைப் பக்கமே போகவில்லை. நான்தான் தீனி வைத்தேன். வந்த படத்தை அவள் தனியாக வாங்கிப் பார்த்தாள். இப்போது எங்களுக்கே படிக்கத் தெரிந்துவிட்டது. அதே ஆடை, அதே பொத்தான்கள், அதே ஒற்றை வட்டம். கடைசி பெஞ்ச் குட்டிகளுக்கு அந்தக் கிருமி பழகிப்போய், அவற்றை ஒன்றும் செய்யாமல் வயிற்றில் குடியிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் சாணத்தில் வெளியே வரும். பால் மறந்து வந்த பிஞ்சு வயிறுகளுக்கு அது போதும். அதுவும் இவை சாதாரணக் குட்டிகள் இல்லை. ஒரு வகுப்பின் மருந்தைத் தின்று, மறுபடி உட்கார்ந்து அடுத்த வகுப்பின் மருந்தையும் தின்றவை. பண்ணையிலேயே அதிக மருந்து பார்த்த வயிறுகள். ஒவ்வொரு வகுப்பிலும் பழைய குட்டி கையில் பிடித்துப் புதுக் குட்டியிடம் கிருமியைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

அக்கா போனை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"பசங்களை நான் ஃபெயில் ஃபெயில்னு உக்கார வெச்சேன். உள்ள இருந்தது எல்லா கிளாஸும் பாஸ் பண்ணிடுச்சு."

அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண் பளபளத்தது, ஆனால் அது வேறு. எதிரி யார் என்று தெரியாமல் இவ்வளவு நாள் இருட்டில் கை வீசிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அவன் நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. "அப்ப இதைப் பிடிச்சிடலாம்" என்றாள். "பிடிச்சிடலாம் இல்ல, டாக்டரம்மா?"

டாக்டர் தலையை ஆட்டினார். அவருக்கும் உற்சாகத்தில் முகம் சிவந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடைவழியிலேயே திட்டம் போட்டார்கள். மிச்சமிருப்பது ஒரே வகுப்பு. கடைசி பெஞ்சும், இந்த வகுப்பில் தேறாமல் நிற்பவையும் குட்டி வீட்டுக்குள் இனி இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கொன்றுவிடலாம் என்றார் முதலாளி. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவரே பேச்சை மாற்றினார். பண்ணையின் கோடியில், வேலிக்கு அந்தப் பக்கம், உடைந்த வண்டிகள் போடும் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்த் தனியாக வளர்த்து, கடைசியில் தனியாகவே விற்றுவிடலாம். ஆனால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆள் குட்டி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"நான் போறேன்" என்றாள் அக்கா. "என் கிளாஸ்தானே."

அப்படியானால் கடைசி வகுப்பை யார் பார்ப்பது?

"சின்னவளே, நீதான். என்னைவிட உனக்குக் கண்ணு ஜாஸ்தி. வாய் வேணும்னா வேலிகிட்ட வா, நான் தரேன்."

மறுபடி கழுவினோம். இந்தத் தடவை நான் உள்ளே, அவள் வெளியே. வேலிக்கு அப்பால் ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் ஏறி நின்று, "கம்பிக்கு அடியில தேச்சியா? குழாய் முனையைக் கழட்டினியா?" என்று முற்றத்தைத் தாண்டிக் குரல் வரும். பண்ணைக்கே கேட்கும். அந்தப் பழைய மூலைப் பலகையை மெஷின் அண்ணன் எடுத்துப் போய் எரித்தார். டாக்டர் வந்து, "வீடு காலியா?" என்று கேட்டார். நான் ஒவ்வொரு மூலையையும் இன்னொரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்து, காலி என்றேன்.

வகுப்பு வந்தது. அந்தக் குட்டிகளைப் போல அழகான குட்டிகள் உண்டா என்று இருந்தது. எதுவும் பேசாமல் வேலை செய்வதுதான் என் பழக்கம். ஆனால் நான் நுழைந்தாலே குட்டிகள் மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டன. இவை பிறந்த புதிதில் தாய்ப்பன்றிக் கொட்டகையிலும் அக்கா போய்ப் பேசிக்கொண்டே இருந்தாள், அவற்றுக்கு மனிதர் என்றால் சத்தம். வேறு வழியில்லாமல் நானும் மெல்லப் பேச ஆரம்பித்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், செய்கிற வேலையையே சொன்னேன். இப்ப தண்ணி ஊத்துறேன், இப்ப தீனி வைக்கிறேன்.

கழிச்சல் வழக்கமாக வரும் நாள்கள் நெருங்கின. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலாளி காலையிலும் மாலையிலும் வந்தார். மெஷின் அண்ணன் கேட்காமலே வந்து கதவில் சாய்ந்து நின்றார். ஒரு காலை நான் கதவைத் திறந்தால், நடுத் தடுப்பில் மூன்று குட்டிகளுக்கு வால் நனைந்திருந்தது.

எப்படி முற்றத்துக்கு ஓடினேன் என்று தெரியாது. வேலிக்கு அப்பால் அக்கா டிரம்மின் மேல் இருந்தாள். முற்றம் அகலம். மெல்லச் சொன்னால் கேட்காது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கத்தினேன். "அக்கா, மூணு பேருக்குப் போகுது!"

"கலர் என்ன?"

"பழுப்பு!"

"தண்ணியா, கூழா?"

"கூழ்!"

"நாத்தம் எப்படி? புளிச்ச நாத்தமா, அழுகின நாத்தமா?"

நான் திரும்ப ஓடி மோந்து பார்த்துவிட்டு வந்து, "புளிச்ச நாத்தம்!" என்று கத்தினேன். தீனி லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கப்பட நேரமில்லை.

"வால் சுருண்டிருக்கா, தொங்குதா?"

"சுருண்டிருக்கு!"

"தொட்டிக்கு வராங்களா?"

"அவங்கதான் முதல்ல வராங்க!"

அக்கா டிரம்மின் மேலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப அது பேராசை. அள்ளி அள்ளித் தின்னிருக்காங்க. தீனியைக் குறைச்சுப் பிரிச்சு வை, தண்ணி வெதுவெதுப்பா கொடு." அதற்குள் அவள் கண் வேறு எங்கோ போனது. "அண்ணே, கை அலமாரிப் பக்கம் போகுதே, என்ன தேடுறீங்க?"

தீனி அறை ஜன்னலில் மெஷின் அண்ணன் திருட்டுப் பூனை போல நின்றார். ஒரே ஒரு சிட்டிகை என்றார், பார்க்கச் சகிக்கவில்லை என்றார். சிட்டிகையும் பாடம்தான் என்று அக்கா அங்கிருந்தே அவருக்கு ஒரு வகுப்பு எடுத்தாள். முதலாளி அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். பொடி டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் என்ன செய்வாரோ என்று நான் அவர் கையையே பார்த்தேன். போவது அவருடைய பண்ணை. அவர் டப்பாவைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு, டாக்டருக்குப் போன் செய்தார்.

டாக்டர் வந்து குச்சியில் எடுத்துப் போனார். சேதி வருவதற்குள்ளேயே மூன்று வால்களும் காய்ந்துவிட்டன. பிறகு படமும் வந்தது. எங்களுடைய பழைய எதிரி அதில் இல்லை. நான் போனை வாங்கி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் டிரம்மின் மேல் குதித்தாள். டிரம் உருண்டு, அவள் விழுந்து, எழுந்து, சேறு அப்பிய முகத்தோடு மறுபடி குதித்தாள்.

அந்த வகுப்பு பெரிய கொட்டகைக்குப் போன அன்று நடைவழி முழுக்க ஒரே தள்ளுமுள்ளு. எங்கள் பண்ணையில் இவ்வளவு குட்டிகள் ஒன்றாக அந்தக் கதவைத் தாண்டி நெடுநாள் ஆகியிருந்தது. முதலாளி கதவை ஒட்டி நின்று கடைசிக் குட்டி போகும் வரைக்கும் பார்த்தார். பாராட்டாக ஒரு வார்த்தை வரும் என்று மெஷின் அண்ணன் எதிர்பார்த்தார். முதலாளி என்னிடம், "அடுத்த வகுப்பு எப்ப வருது?" என்று கேட்டார். நான் வேலிப் பக்கம் திரும்பினேன். டிரம்மின் மேலிருந்த அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது.

கடைசி பெஞ்ச் குட்டிகளும் வளர்ந்தன. மற்றவற்றோடு சேராமல் தனி வண்டியில் போயின. அன்றைக்கு மட்டும் ரேடியோ ஓடவில்லை. வண்டி போன பிறகு அக்கா பழைய கொட்டகையைத் தானே கழுவினாள். உடுத்தியிருந்ததை அங்கேயே துவைத்துப் போட்டுவிட்டு, குளித்து, புதுப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குட்டி வீட்டுக்குள் வந்தாள். பலகை இருந்த மூலையில் இப்போது கை கழுவும் தொட்டி இருக்கிறது. அதில் முழங்கை வரைக்கும் கழுவினாள்.

அடுத்த வகுப்பு வந்திருந்தது. அதில் ஒன்று, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், தீனித் தொட்டியிலிருந்து தள்ளப்பட்டுச் சுவரோரம் நின்றது. அக்கா நேராக அதனிடம் போய்த் தூக்கினாள். நானும், புது வகுப்பைப் பார்க்க வந்திருந்த டாக்டரும், மெஷின் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எங்களைப் பார்த்தாள். குட்டியை மறுபடி அதே தடுப்பில், அதன் கூடப் பிறந்தவை நடுவிலேயே இறக்கினாள். ஒரு கிண்ணத்தில் தீனியைக் கரைத்து, அதற்கு மட்டும் நீட்டி, முட்ட வந்த தடியன்களை முழங்காலால் தடுத்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

"இவன் கூடப் பொறந்தவங்களோடயே போவான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் குட்டியிடம் குனிந்தாள். "நீ தின்னுடா. உன் கிளாஸ் வாசல்ல நான் நிக்கிறேன்."

குட்டி கிண்ணத்தை விட்டுவிட்டு அவள் விரலைக் கடித்தது.

"கடிக்கிறான்" என்றாள் அக்கா. பெரிய கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும்.